இடப்பக்க ஜன்னல்

வீடு கட்ட இடம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால் காட்டைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷரை என்ன செய்வது? இஞ்ச் டேப்பக்கா அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். அந்த அளவுக்கு நல்லவள்.

"எத்தனை மரம் இருக்கு?"

"எண்ணல," என்றார் கணவர். "நிறைய."

"வீடு எங்க கட்டுறதாம்? கிளையிலயா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவருக்கு நீண்ட அனுபவம் உண்டு.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. காலையில் பல் துலக்கும்போதே இஞ்ச் டேப் கழுத்தில் ஏறிவிடும், படுக்கும்போதுதான் இறங்கும். இருபத்தாறு வருடமாகத் தைக்கிறாள். பள்ளிச் சீருடை, சட்டை, பாவாடை, திரைச்சீலை, எது வந்தாலும் சரி. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் தோளைப் பார்ப்பாள். சீருடைக்கு அளவு சொல்ல வந்த தலைமை ஆசிரியையிடம், "உங்க வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு டீச்சர், பையை அந்தப் பக்கமே மாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொன்னாள். வாய் கொஞ்சம் நீளம்தான். தையலைக் குறை சொல்ல முடியாததால் ஊர் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டது.

கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் எழுதியதில் விட்டுப்போன புள்ளியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது அவர் வேலை. வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். அவர்களுடைய ஒரே மகள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். "எங்க டாக்டர் ஒரு நாளைக்கு நாற்பது பேரை வாயைத் திறக்க வைக்கிறார். அப்பாகிட்ட மட்டும் அவர் தோத்துடுவார்" என்பாள்.

இதுவரை ஒன்பது வாடகை வீடுகள். ஒன்பதிலும் தையல் மெஷினுக்கு மிச்சம் மீதி இடம்தான் கிடைத்தது. ஒன்றில் குளியலறைக் கதவோரம். இன்னொன்றில் மாடிப்படிக்குக் கீழே, தலை நிமிர்ந்தால் படி இடிக்கும். கடைசி வீட்டில் நடைவழி. போகிறவர் வருகிறவர் எல்லாம் "கொஞ்சம் நகருங்க" என்று அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போவார்கள். எந்த வீட்டிலும் வெளிச்சம் முதுகுப் பக்கம்தான். ஊசி விழும் இடத்தில் அவளுடைய நிழலே போய் விழும்.

போன வருடம் கண் டாக்டர் சொல்லிவிட்டார். "கண்ணாடி பவரை இனிமே ஏத்திக்கிட்டே போக முடியாதும்மா. கறுப்புத் துணியில கறுப்பு நூலால தைக்கிறதெல்லாம் நல்ல பகல் வெளிச்சத்துல வெச்சுக்குங்க. இப்படியே போனா ரெண்டு வருஷத்துல ஊசிக்கு நூல் கோக்கவே வேற ஆள் வேணும்."

"உங்க கோட்டுக்குக் கை நீளம் ஒரு இஞ்ச் அதிகம்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஆனால் அன்று பயந்தாள். பயந்தாள் என்று சொன்னால் அடிக்க வருவாள். வந்தாலும் சரி, பயந்தாள் என்பது உண்மை. தைக்க முடியாவிட்டால் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீடு என்ற பேச்சு எழுந்ததே அதற்குப் பிறகுதான். சமையலறை எப்படியும் இருக்கட்டும், கூடம் எந்தப் பக்கமும் பார்க்கட்டும். அவளுக்கு வேண்டியது ஓர் அறை, அதில் மெஷினுக்கு இடப்பக்கம் பெரிய ஜன்னல். அவ்வளவுதான்.

திட்டிக்கொண்டே சம்மதித்தவள், இடம் பதிவாகி நாலு மாதம் கழித்துத்தான் போய்ப் பார்த்தாள். ஊர் முடிகிற இடத்தில் ஒரு சரிவு. ஒரு பக்கம் புல்கூட முளைக்காத மொட்டைப் பாறை. மற்ற எல்லாப் பக்கமும் மரம். ஆனால் அது இலை உதிர்ந்த காலம். எல்லாம் வெறும் குச்சிகளாக நின்றன. காலை வெயில் எந்தத் தடையும் இல்லாமல் வந்து தரையில் கொட்டியது.

"இதைப் போய்க் காடுன்னு திட்டிட்டேனே," என்றாள். கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். வீட்டுக்கு வேண்டிய நடுப்பகுதியில் மட்டும் மரங்களை எடுத்தால் போதும் என்று முடிவு செய்தாள். கிழக்குப் பக்கம் ஐந்து பெரிய மரங்களுக்கு எதிரே குச்சி நட்டு, தையல் சாக்கட்டியால் கற்களில் குறி போட்டு, தன் அறையை வரைந்தாள்.

கொத்தனார் சிரித்தார். "அக்கா, இது வீடா, இல்ல சட்டையா?"

"எதுவா இருந்தாலும் வெட்டுறதுக்கு முன்னாடி குறி போடணும். நீங்க சுவரைக் கோணலா வெச்சா பிரிச்சுத் தைக்கவா முடியும்?"

குறி போட்ட அறைக்குள் நின்று, இல்லாத ஜன்னல் பக்கம் திரும்பி, அவள் சிரித்தாள். முழுப் பல்லும் தெரியச் சிரித்தாள். கணவர் அதைப் பார்த்தார். பிறகு அந்த ஐந்து மரங்களைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

அப்புறம் சொன்னது வேறு விஷயம். "எனக்கு ஒரு சின்ன ரூம் வேணும். பாறைப் பக்கமா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட முதல் பொருள் அது. அக்கா ஒரு நிமிஷம் ஆடிப்போனாள்.

"எதுக்கு?"

"சும்மா. உட்கார."

"பாறையைப் பார்த்துக்கிட்டா? ரெண்டு பேருக்கும் நல்லாப் பேச்சு ஓடும்." ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

வேலை ஆரம்பித்த கொஞ்ச நாளில் பள்ளி திறக்கிற பருவம் வந்துவிட்டது. எழுநூறு சீருடை. மாதக்கணக்கில் அவளால் மெஷினைவிட்டு அசைய முடியவில்லை. கட்டடத்தைக் கணவர்தான் போய்ப் பார்த்து வந்தார். "எப்படிப் போகுது?" என்றால் "போகுது" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது.

இதற்கு நடுவில் அவளுடைய நீலச் சட்டை காணாமல் போனது. நூலும் பஞ்சும் மேலே ஒட்டாமலிருக்க, மெஷினில் உட்காரும்போது போட்டுக்கொள்கிற முழுக்கைச் சட்டை. தனக்கென்று அளவெடுத்துத் தைத்துக்கொண்டது அது ஒன்றுதான். கொடியில் காயப்போட்டது போனதுதான். பக்கத்து வீட்டம்மாவைச் சந்தேகப்பட்டு, அவளுடன் மூன்று மாதம் பேசாமல் இருந்தாள். அந்த அம்மா நிம்மதியாக இருந்ததாகக் கேள்வி.

மறுபடி இலை உதிர்ந்தபோது வீடு முடியும் நிலைக்கு வந்திருந்தது. போய்ப் பார்த்தாள். எல்லாம் பிடித்துப்போயிற்று. கணவருடைய அறையில் மட்டும் சிமென்ட் மூட்டையும் சாரப் பலகையும் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. ஜன்னலைப் பலகை வைத்து மூடியிருந்தார்கள். கதவோரம் முழங்கால் உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் மட்டும் தெரிந்தது.

"இதென்ன, பூனைக்குக் கரண்ட்டா?"

"டேபிள் ஃபேன் வைக்கலாம்னு," என்றார் கணவர்.

குடிவந்து மூன்று வாரம் அவள் ராணியாக இருந்தாள். கணவருடைய அறை மூட்டையோடு பூட்டியே கிடந்தது, அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. வாழ்க்கையில் முதல்முறை இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம். கூப்பிட்டவரையும் கூப்பிடாதவரையும் இழுத்துவந்து ஜன்னலைக் காட்டினாள். நாலாவது வாரம் கிளைகளில் பச்சையாகப் புள்ளி வைத்தது. ஐந்தாவது வாரம் தளிர். மகள் அழகு அழகு என்று படம் பிடித்தாள். எட்டாவது வாரம் ஐந்து மரங்களும் தலை நிறைய இலையோடு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றன. காலை பத்து மணிக்கு அறை கிணறு மாதிரி இருந்தது. அக்கா விளக்கைப் போட்டாள். விளக்கு முதுகுப் பக்கம். ஊசியின் மேல் பழைய நிழல் திரும்பி வந்து உட்கார்ந்தது.

ஒன்பது வீட்டிலும் வாடகைக்காரர்களாகவே இருந்த குடும்பம் இது, ஜன்னல் எங்கே வைப்பது என்று யோசித்துப் பழக்கமில்லை. இலை உதிர்ந்த மரத்தில் மறுபடி இலை வரும் என்பது மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும். அளவில் புலியான அக்காவுக்குத்தான் குறி போட்ட அன்று அது தோன்றவில்லை. அந்தக் கோபத்தைத் தன்மேல் காட்ட முடியாது. மரம்வெட்டிக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் கயிறும் ரம்பமுமாக வந்து நின்றார். அக்கா டேப்பை எடுத்து முதல் மரத்தைச் சுற்றினாள். "இடுப்பு எண்பத்தி நாலு. அஞ்சையும் இன்னிக்கே சாய்ச்சிடுங்க."

அப்போதுதான் கணவர் வெளியே வந்தார். வேலை நாள், அச்சகத்துக்குப் போகவில்லை. வந்து மரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"முதல்ல என் ரூமை வந்து பாரு. அப்புறம் வெட்டிக்க."

இவ்வளவு நீளமாக அவர் பேசியது அவளுக்குப் புதிது. அந்த அதிர்ச்சியிலேயே பின்னால் போனாள். மகளும் போனாள்.

அறை காலியாக இருந்தது. மூட்டை இல்லை, பலகை இல்லை. சுவரின் பாதி ஜன்னல். வெளியே மொட்டைப் பாறை, மேலே வானம், மறைக்க ஒரு துரும்பு கிடையாது. பாறையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அறை முழுக்கச் சமமாகப் பரவியிருந்தது. அக்கா கையை நீட்டிப் பார்த்தாள். கைக்குக் கீழே நிழலே விழவில்லை.

டேப்பை உருவினாள். ஜன்னல் திட்டின் உயரம் முப்பத்தோரு இஞ்ச். அவள் மெஷின் மேசை முப்பது. துணி இடிக்காமலிருக்க ஓர் இஞ்ச் விட்டிருந்தது. மேசை போட்டால் ஜன்னல் இடப்பக்கம் வரும். பிளக் வலப்பக்கம், மோட்டார் வயர் எட்டுகிற இடத்தில். நேர் எதிரே நூல்கண்டுகள் வைக்க ஓர் அலமாரி. மெஷினில் உட்காருகிற உயரத்துக்கு முழங்காலை மடக்கிக் கையை நீட்டினாள். விரல் நுனி அலமாரியின் விளிம்பில் போய் நின்றது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"என் கை நீளம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஆணியில் நீலச் சட்டை தொங்கியது. இரண்டு கையிலும் சிமென்ட் கறை.

"தைக்கக் குடுக்கிறவங்க உன்கிட்ட அளவுச் சட்டை குடுக்கிறாங்கல்ல. நான் கொத்தனார்கிட்ட குடுத்தேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப அந்த ரூம் இருட்டும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும். இடம் வாங்கினப்போ மரமெல்லாம் இலையோட பார்த்தேனே."

"ஊரான் எழுதினதுல ஒரு புள்ளி விட்டாத் தூங்க மாட்டீங்க. நான் அவ்வளவு பெரிய தப்பு பண்றேன், பார்த்துக்கிட்டு நின்னீங்களா?"

"சொல்லியிருந்தா மரத்தை வெட்டுன்னு சொல்லியிருப்பே." அவர் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். "அதோட, அன்னிக்கு நீ சிரிச்சே. ஒன்பது வீட்டுலயும் நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. எப்படிச் சொல்றது?"

"சரி, குடிவந்த பிறகாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"மெஷினை நகர்த்துன்னு உன்கிட்ட சொல்ல தைரியம் வரல."

இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள் அவள். தனக்கு ஒருவர் அளவெடுத்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் மகள் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாள் என்பதால் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினாள்.

வெளியிலிருந்து மரம்வெட்டி குரல் கொடுத்தார். "அக்கா, வெட்டவா, வேணாமா? வெயில் ஏறுது."

"வேணாம். உள்ள வாங்க. உங்க சட்டையில ரெண்டாவது பட்டனைக் காணோம், வந்ததிலேர்ந்து கண்ணை உறுத்துது."

அவருடைய சட்டை கறுப்பு. அக்கா கறுப்பு நூலை எடுத்தாள். மகள் வழக்கம்போலக் கோத்துக் கொடுக்கக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். நூல் முதல் தடவையிலேயே உள்ளே போயிற்று.

பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினாள்.

"அலமாரி வலப்பக்கம் கால் இஞ்ச் சாய்ஞ்சிருக்கு. போய் மெஷினைத் தூக்கிட்டு வாங்க."