ரோலில் மிச்சமிருந்த ஒரு படம்

பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை செய்யும் ஆபீசில் ஒரு பையன் புதிதாக ஃபிலிம் கேமரா பைத்தியம் பிடித்து அலைகிறான். ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான், அதனால் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து எடுக்க வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்தினான். நான் தலையாட்டி வைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் யோசித்துப் படம் எடுத்ததில்லை. முப்பது வரைக்கும் கிழிந்த மூட்டை, நசுங்கிய டின், துருப்பிடித்த கம்பிச்சுருள். அதற்கப்புறம் மிஞ்சியதில் நான்.

அப்பாவுக்கு போர்ட் கிள்ளானில் வேலை. கப்பலில் வந்த சரக்கு நனைந்தாலோ உடைந்தாலோ, இன்சூரன்ஸ்காரர்கள் பார்ப்பதற்காக அதைப் படம் எடுத்துக் கொடுப்பார். அது ஒரு தனி வித்தை. தள்ளி நின்று ஒன்று, கிட்டே போய் ஒன்று, சேதத்துக்குப் பக்கத்தில் ரூலர் வைத்து ஒன்று. ஃபிலிமைக் கம்பெனிதான் கொடுக்கும். வேலை முடிந்ததும் ரோலைக் கழற்றிக் கழுவக் கொடுத்துவிட வேண்டும். மிச்சமிருப்பதை வீணாக்க மனம் வராமல் வீட்டுக்கு வந்து, ரோலை முடிக்கணும் வாம்மா என்பார். நான் பள்ளிச் சீருடையோடு சுவரோரம் போய் நிற்பேன். என்னையும் முதலில் தள்ளி நின்று, அப்புறம் கிட்டே வந்துதான் எடுப்பார். ஒரு படத்தில் பழக்கதோஷத்தில் ரூலரையும் என் தோளோரம் சாத்தி வைத்திருக்கிறார். படங்கள் வந்ததும் என்னுடையதை மட்டும் பொறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதைக் கம்பெனியில் கொடுப்பார்.

மற்ற பிள்ளைகள் பரீட்சைக்காகச் சாமி கும்பிட்டார்கள். நான் சரக்குக்காகக் கும்பிட்டேன். கப்பலில் எதுவும் உடையாமல் வந்தால் எனக்கு நாலைந்து படம் கூடக் கிடைக்கும். படத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை ஒன்றும் இல்லை. சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானே கதவைத் திறந்து, கடையில் புங்குஸ் பண்ணி வாங்கி வைத்த பொட்டலச் சோற்றை நானே பிரித்துத் தின்று, பேச்சுச் சத்தத்துக்காக டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு, ஒருவர் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய விஷயம். அப்பா என்னை அப்படிப் பார்த்தது கேமரா வழியாக மட்டும்தான்.

அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டு ஆன்டி அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. வேலைக்குப் போனவர்கள் லீவு கிடைத்தால் வருவார்கள் என்று இருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. வீட்டுக்கு இல்லை, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு. அம்மாவோடு எடுத்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தேன். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டால், தினமும் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் வேலையை விட்டு வந்துவிடுவாள் என்பது என் திட்டம். சனிக்கிழமை காலையிலேயே துறைமுகத்திலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. பால்மாவு ஏற்றி வந்த கண்டெய்னரில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். சாயங்காலம் வந்து கேமராவை மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணுதான்மா இருக்கு."

புது ரோல் வாங்கலாமே என்றேன். ஒரு படத்துக்கு எதுக்கு ஒரு ரோல் என்றார்.

மறுநாள் கொமுட்டர் ரயில் பிடித்துப் போனோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அம்மா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். எனக்கு என் சொந்த அம்மாவிடமே கூச்சமாகப் போய்விட்டது. அவள் இலையில் இருந்த பொரித்த மீனை எடுத்து எடுத்து என் இலையில் வைத்தாள். அப்பா கிள்ளானில் மழை ஜாஸ்தி என்றார். அங்கேயும் அப்படித்தான் என்று அம்மா சிங்கப்பூர் மழையைச் சொன்னாள். இருவரும் மழையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேரும் என் பக்கத்தில் இருக்கிற சந்தோஷத்தில், கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு வெளியே வந்து, பூக்கடை ஒன்றின் முன்னால் அம்மாவையும் என்னையும் நிற்கச் சொன்னார் அப்பா. அவரும் வந்து நின்றால்தான் ஆச்சு என்று நான் அடம்பிடித்தேன். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா, என் கிட்ட கொடுங்கண்ணே, நான் அமுக்குறேன் என்று கையைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு படந்தான்க்கா இருக்கு. ஆடிருச்சுன்னா போச்சு லா."

அம்மா விரலால் என் தலையைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கேமராவைக் கண்ணில் வைத்தார். ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு டப் டப் என்று எடுக்கிற மனிதர், அன்றைக்கு அமுக்கவே மாட்டேன் என்கிறார். எனக்குச் சிரித்துச் சிரித்து வாய் வலித்தது. சீக்கிரம்ப்பா என்று கத்தினேன். ஒருவழியாக அமுக்கினார். ரோல் முடிந்து கர்ரென்று உள்ளேயே சுருட்டிக்கொண்டது. அம்மா எனக்கு முத்தம் கொடுத்து, அப்பா பேச்சைக் கேட்டு நட என்று சொல்லி, பள்ளி லீவுக்கு வருகிறேன் என்று கிளம்பினாள். லீவு வந்தது, அவள் வரவில்லை.

படத்துக்காக வாசலிலேயே காத்துக் கிடந்தேன். அப்பா வெறுங்கையோடு வந்தார்.

"மொத்தக் கவரையும் பிரிக்காமயே கம்பெனியில கொடுத்துட்டேன்மா. ஃபைலோட போயிருச்சு."

எங்கே போயிருச்சு என்றால், வெளிநாட்டுக்கு என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு எதிர்வீட்டு ஆன்டி ஓடி வந்துவிட்டார். அப்புறம் எனக்கே ஒரு கற்பனை. எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் நனைந்த பால்மாவு டின்களுக்கு நடுவே எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, இதில் சேதம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பான். திரும்பி வந்ததா என்று கொஞ்ச நாள் கேட்டேன். பிறகு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் கேட்பதை விட்டுவிட்டேன்.

கழுவிய ஃபிலிம் துண்டுகளை அப்பா ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பார். ஒரு நாள் பொழுது போகாமல் அதைக் கொட்டி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டின் கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பேர். முடி வெள்ளை, முகம் கறுப்பு, பல்லும் கறுப்பு. பின்னால் தொங்கிய மாலைகளை வைத்து அது நாங்கள்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் படம்தான் வெளிநாடு போய்விட்டதே, இது சுளையை எடுத்த டுரியான் தோல் மாதிரி ஏதோ மிச்சம் என்று நினைத்தேன். அப்பா வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். வெளிச்சத்தையே பார்த்தால் கண் கெட்டுப்போகும் என்று மெதுவாக வாங்கி, டின்னில் போட்டு மூடி, அலமாரி மேலே எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். பிறகு தண்ணீர் சுட வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவே இல்லை.

பதினாறு வயதில், நான்காம் படிவத்தில், பள்ளிப் புகைப்படக் கழகத்தில் சேர்ந்தேன். இருட்டறையில் சார் ஒரே நெகட்டிவை வைத்து ஒரே படத்தை மூன்று தடவை போட்டுக் காட்டினார்.  போட்ட படம் தொலைந்துபோனால் என்ன சார் செய்வது என்று கேட்டேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நெகட்டிவ் இருக்குல்ல, இன்னொண்ணு போட்டுக்க வேண்டியதுதானே என்றார் சார், சாதாரணமாக.

படம் கழுவும் கடை எங்கள் பிளாட்டுக்குக் கீழேயே இருந்தது. அப்பா தினமும் அதைத் தாண்டித்தான் மாடி ஏறுவார். கவரைப் பிரிக்காமலேயே கொடுத்தேன் என்றவரின் டின்னுக்குள் நெகட்டிவ் எப்படி வந்தது, என்னை ஏமாற்றியிருக்கிறாரே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபம் கொதித்தது. வீட்டுக்கு வந்தால், வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் அதைப் பார்க்கவில்லை. நான் போய்ச் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

அம்மா என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று அத்தனை வருஷம் நான் தனியாக அழுதிருக்கிறேன். அவரையும் விட்டுவிட்டுத்தான் போனாள் என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.