அம்மா உத்தியோகம்

என் அம்மாவுக்கு அம்மா வேலை கிடைத்தபோது நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். அம்மாவாக வருகிறவளுக்குப் பிள்ளை இருக்கக் கூடாது.

இதைச் சொன்னால் நான் கதை கட்டுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். கதை கட்டும் திறமை எனக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் இந்த அளவுக்குக் கிடையாது. இப்படியெல்லாம் யோசிக்க ஒரு கமிட்டி வேண்டும்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியில் எப்போதும் வெளுத்துக் கிடந்த ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. முன்பு அது கடலை மூட்டை அடுக்குகிற குடோன். ரைஸ் மில் முதலாளி ஒருவர், கடலை வியாபாரம் படுத்த பிறகு, குடோனைத் தருமத்துக்கு எழுதிவைத்துவிட்டு, தானே அதற்குச் செயலாளராகவும் உட்கார்ந்துகொண்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டார். சோறு போடுகிற கை என்று தன் கைமீது அவருக்கே ஒரு பக்தி இருந்தது, அவ்வளவுதான்.

பணம் அனுப்புகிற வெளிநாட்டுச் சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து பார்த்தார். வரிசையாகப் பாய், வரிசையாகத் தட்டு, வரிசையாகப் பிள்ளைகள். பிள்ளைகள் குடோனில் வளரக் கூடாது, குடும்பத்தில்தான் வளர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. அங்கிருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மா உயிரோடுதான் இருந்தாள். கஞ்சி ஊற்ற வழியில்லாமல் கொண்டுவந்து விட்டிருந்தாள். சோற்றுக்கான காசை அவளிடமே கொடுத்து, பிள்ளையையும் கையில் கொடுத்திருந்தால் குடும்பம் தானாக வந்திருக்கும். ஆனால் அதற்கு யாரை அழைத்துத் திறப்புவிழா நடத்துவது?

எனவே செயலாளர் குடோனுக்குள் குறுக்குச் சுவர்கள் எழுப்பினார். ஐந்து வீடு ஆயிற்று. சுவர் ஆள் உயரம் வந்தபோது சிமெண்ட் தீர்ந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் எங்கள் மண்ணிலிருந்து லாரி லாரியாகப் போகும். அது சிமெண்டாகத் திரும்பி வர மட்டும் பர்மிட் வேண்டும். பர்மிட் வரவில்லை, சுவர் கூரையைத் தொடவில்லை. ஒரு வீட்டில் யாராவது இருமினால் ஐந்து குடும்பமும் விழித்துக்கொள்ளும்.

வீட்டுக்கு ஒரு அம்மா என்று சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். விதவையாக இருக்கலாம், புருஷன் விட்டுவிட்டுப் போனவளாக இருக்கலாம், பிள்ளை மட்டும் கூடாது. சொந்தப் பிள்ளை இருந்தால் பாசம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம்.

அம்மா கிடைத்துவிட்டாள், அப்பாவுக்கு என்ன செய்வது? செயலாளர் தயங்காமல் ஐந்து வீட்டுக்கும் தானே அப்பா என்று அறிவித்தார். டீக்கடையில் இதைக் கேட்ட ஊர் சிரித்த சிரிப்பு அவர் வீட்டுக்கும் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை அவருடைய மனைவி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினாரோ தெரியாது. அன்று மாலை முதல் செயலாளர் எங்கள் எல்லோருக்கும் தாத்தா ஆகிவிட்டார். மீசைக்கு மை பூசுகிற தாத்தா.

என் அப்பா கிணறு வெட்டுகிறவர். மண் சரிந்து உள்ளேயே போய்விட்டார். திருமானூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போனாள். வேலை இல்லாத மாதங்களில் என் மாமா வீட்டில் இருப்போம். மாமா அம்மாவின் அண்ணன், நல்ல மனிதர். அவர் வீட்டுப் பானைதான் சின்னது. அவர்தான் இல்லத்து வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து சொன்னார். நிபந்தனையையும் சொன்னார், அதற்கு மருந்தையும் சொன்னார்.

"நீ புள்ள இல்லேன்னு சொல்லிச் சேந்துக்க. நான் பாப்பாவத் தாயில்லாப் புள்ளன்னு சொல்லிச் சேத்துடுறேன். ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருப்பீங்க. வேற என்ன வேணும்?"

வேற என்ன வேண்டும் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. முதலில் அவள் போய்ச் சேர்ந்தாள். சில நாள் கழித்து மாமா என்னை அழைத்துப் போனார். மாமா ஊர்க் கூத்தில் வேஷம் கட்டுகிறவர், துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுவதில் கெட்டிக்காரர்.

"எந்தங்கச்சி செத்துப் போச்சுங்க. இந்தப் பச்ச மண்ண வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேனுங்க."

செத்துப்போன தங்கச்சி பத்தடி தள்ளி அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். மாமா அழுத அழுகையில் செயலாளருக்கே கண் கலங்கிவிட்டது. அம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு நல்ல நடிப்பு.

சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மாமாவின் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அம்மாவுக்கு இரண்டாம் வீடு கொடுத்திருந்தார்கள், இடம் காலியாக இருந்ததோ நான்காம் வீட்டில். நான்காம் வீட்டுக்கு அரும்பாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அம்மா. அமைதியானவள், புருஷன் விட்டுப் போனவள். இல்லத்து விதிப்படி பிள்ளைகள் தங்கள் வீட்டு அம்மாவை அம்மா என்றும் மற்ற வீட்டு அம்மாக்களைச் சித்தி என்றும் அழைக்க வேண்டும். உறவுமுறை தெரிந்து வளர வேண்டுமாம். ஆக, முன்பின் பார்த்திராத ஒருத்தி எனக்கு அம்மா. என்னைப் பெற்றவள் சித்தி.

"மறந்தும் அம்மான்னு வாயில வந்துடக் கூடாது. வந்துச்சு, ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்" என்று அடிபம்படியில் வைத்து அம்மா என் காதில் சொன்னாள். நான் சமர்த்துப் பிள்ளை. அன்றைக்கே பழகிவிட்டேன்.

அலுவலகச் சுவரில் செயலாளர் ஒரு பழமொழியைப் பெயிண்டால் எழுதிவைத்திருந்தார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். இந்தப் பழமொழியை இவ்வளவு சுத்தமாக நடத்திக்காட்டிய இடம் தமிழ்நாட்டில் வேறு இருக்காது. அம்மா ஊரார் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டாள், சிரங்குக்கு மருந்து போட்டாள், உருண்டை பிடித்துக் கையில் சோறு வைத்தாள். நான் இரண்டு சுவர் தள்ளித் தானே வளர்ந்தேன்.

சாயங்காலம் அவள் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். எனக்கும் கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்வாள். நரியும் காக்காயும் மைக் வைத்துப் பேசுவதுபோல இருக்கும். இரண்டாம் வீட்டு அம்மா பிள்ளைகளை மிரட்டுகிறாள் என்று மூன்றாம் வீட்டு அம்மா புகார் செய்தாள். தாத்தா கூப்பிட்டுக் கண்டித்தார். அதன்பின் கதையும் இல்லை.

அடுத்த வருஷம் வெள்ளைக்கார அம்மாள் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது. குடும்பங்கள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று காட்ட வேண்டும். தாத்தா ஒரு விளையாட்டுக்கு ஏற்பாடு செய்தார். மைதானத்தின் ஒரு பக்கம் ஐந்து அம்மாக்களும் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். எதிர்ப்பக்கம் பிள்ளைகள் எல்லாரும் கலந்து நிற்போம். விசில் ஊதியதும் அவரவர் அம்மாவிடம் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். கோழி, குஞ்சுகளைக் கூப்பிடுவதுபோல இயற்கையாக இருக்க வேண்டும் என்பதால் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது.

அந்த நாளும் வந்தது. ஷாமியானா, ஆப்பிள் ஜூஸ், வெள்ளைக்கார அம்மாளுக்கு ரோஜா மாலை. அம்மாக்களுக்கு ஒரே நிறத்தில் புடவை. விசில் ஊதினார்கள். நான் ஒத்திகையில் ஓடியபடியே நான்காம் வீட்டு அம்மாவைப் பார்த்து ஓடினேன். பக்கத்தில் என் அம்மா நின்றாள். விரித்த கை விரித்தபடி இருந்தது, முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நான் அவளைத் தாண்டிப் போனேன்.

போய்ச் சேர்ந்தால் அங்கே இடமில்லை. முதல் வீட்டிலிருந்த சின்னப் பையன் ஒருவன், பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை, எனக்கு முன்னால் ஓடிவந்து நான்காம் வீட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று முகமெல்லாம் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒத்திகையில் சரியாக ஓடியவன்தான். புதுப்புடவை, கூட்டம், பாட்டு எல்லாம் சேர்ந்து ஒத்திகையை மறக்கடித்துவிட்டது. அவளும் மறந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அவனை இறுக்கிக்கொண்டாள். எங்களைப்போல இன்னொரு ஜோடியும் அங்கே இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பையன் வேறு வீடு அல்லவா?" என்று அவன் சட்டையில் குத்தியிருந்த வீட்டு நம்பரைப் பார்த்து வெள்ளைக்கார அம்மாள் கேட்டார். எல்லா அம்மாவும் அவனுக்கு ஒன்றுதான் என்று தாத்தா இங்கிலீஷில் சமாளித்தார். அந்த அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜீப் சாலையில் ஏறும்வரை தாத்தா கை அசைத்தார். பிறகு நான்காம் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள். பெற்ற குற்றத்துக்காக அம்மா வேலை பறிபோனது. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் அழுதுகொண்டே போனாள். பையன் அவள் விரலைப் பிடித்துக் குதித்துக்கொண்டே போனான்.

தட்டுக் கழுவுகிற இடத்தில் என் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ எங்கிட்ட ஓடியாந்துடக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கிட்டே நின்னேன். நீ வரல. இத்தன வருசத்துல நான் கேட்ட எதையும் குடுக்காத சாமி, இத மட்டும் ஏன் குடுத்துச்சு?"

நான் தட்டை நீட்டி, "கழுவிட்டேன் சித்தி" என்றேன்.

புது ஆள் கிடைக்கும்வரை நான்காம் வீட்டையும் என் அம்மாவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தாத்தா உத்தரவு போட்டார். தாசில்தார் லீவில் போனால் பொறுப்புத் தாசில்தார் வருவதில்லையா, அதுபோல எனக்குப் பொறுப்பு அம்மா. உத்தரவின்படி நான் அவளை அம்மா என்று கூப்பிடலாம், கூப்பிட்டேன். எனக்கு அது உத்தரவு. அவளுக்கு அது திருவிழா. ஒரு மணிக்கொரு தரம் எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் வந்தாள். எண்ணெய் சொட்டச் சொட்ட என் தலையை வாரினாள். எத்தனை தரம் கூப்பிட்டாலும், "என்னாம்மா? இன்னொருக்கா சொல்லு" என்பாள். காது கேட்கவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் அந்த நாட்களில் அவளுடையதைப்போல நிறைவான முகத்தை அதற்கப்புறம் நான் யாரிடமும் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஜெயங்கொண்டம் பக்கமிருந்து புது அம்மா வந்து இறங்கினாள். தாத்தா எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"இனிமே இவங்கதான் உங்களுக்கு அம்மா. இவ்வளவு நாள் பாத்துக்கிட்டவங்க மறுபடியும் சித்தி. சரியா?"

"சரிங்க தாத்தா" என்று எல்லாரும் சொன்னோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "சித்தி, பாவாட நாடா அவுந்துடுச்சு" என்றேன்.

அம்மா நாடாவைக் கட்டவில்லை. என் கையைப் பிடித்துத் தரதரவென்று தாத்தாவின் முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"ஐயா, இது நான் பெத்த புள்ளைங்க."

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். எப்படித் தெரியாமல் போயிற்றோ. என் மூக்கு அப்படியே அம்மாவின் மூக்கு.

"அப்போ உனக்கு வேலை இல்லம்மா. விதி தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"வயித்துப்பாட்டுக்கு என்ன செய்வ?"

"கரும்பு வெட்டப் போவனுங்க."

அவர் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன். அதனால் கொஞ்ச நேரம் யோசித்து எங்களுக்காக ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

"ஒண்ணு செய்யலாம். நீ மட்டும் போயிடு, புள்ள இங்க இருக்கட்டும். மூணு வேளைச் சோறு, படிப்பு. நீ போயிட்டா அதுக்குத்தான் யாரும் இல்லேன்னு ஆயிடுதே. விதிக்கும் பொருந்தும்."

கரும்புத் தோட்டத்துக் கொட்டகையையும் மாமா வீட்டுச் சின்னப் பானையையும் அம்மா அப்போது மனசில் ஒருமுறை சுற்றிவந்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது. பிள்ளைக்குச் சோறா, அம்மாவா என்று ஒரு பெண்ணை நிற்கவைத்துக் கேட்பதற்குத்தான் அந்த இல்லம் இவ்வளவு செலவு செய்திருந்தது. அவள் குனிந்து என் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினாள். "போயிட்டு வரோமுங்க" என்றாள்.

திருமானூர் பஸ்ஸில் கூட்டம். ஒரு நடுத்தர வயதுப் பெண் காய்கறிக் கூடையை நகர்த்தி எங்களுக்கு இடம் கொடுத்தாள். அம்மா என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தாள். இன்று ராத்திரி எங்கே சாப்பிடுவோம் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. இல்லத்தில் அன்றைக்கு முட்டை போடுகிற நாள்.

"நாம ஏன் வந்துட்டோம் சித்தி?" என்று கேட்டேன்.

பளார் என்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவள் அதுவரை என்னை அடித்ததே இல்லை. நான் வீறிட்டு அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடைக்காரப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னாம்மா, பச்சப் புள்ளய இந்த அடி அடிக்கிற? சித்தின்னா இப்படித்தானா? பெத்தவளா இருந்தா கை வருமா?"

அம்மா ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி சீட்டுவரை கேட்கும்படி, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சொன்னாள்.

"பெத்தவதாங்க அடிக்கிறேன். நாந்தாங்க பெத்தேன். எம்புள்ளைங்க இது!"