காலுக்குள் ஒரு மறியல்

எரியும் டயர் உங்கள் காலில் உருண்டு விழுந்திருக்கிறதா? எனக்கு விழுந்தது, இடஒதுக்கீடு கேட்டுத் தியாகதுருகத்தில் நாங்கள் நடத்திய சாலை மறியலில். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தும் புண் ஆறவில்லை. ரத்தம் சரியாக ஓடாவிட்டால் தொடைத் தோலை எடுத்து ஒட்டவேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன் மெஷின் வைத்துப் பார்க்க ஒரு பிசியோதெரபி அக்கா வந்தார்.

குள்ளம், கரகரக் குரல், செம கெத்து. கத்தி, ஊசி எதுவும் கிடையாது. ஜெல் தடவி, புண்மேல் அதிர்வலை மட்டும் செலுத்துவார். முடிந்ததும் புண்ணோரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் சிவக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பார்.

“இன்னாக்கா, ரத்தம் ஓடுதா?”

“எங்க ஓடறது? உள்ள எவனோ மறியல் பண்ணிக்கினு இருக்கான். உங்க ஆளுதான் போல.”

அடுத்த மறியலன்று பஸ்ஸே ஓடவில்லை. அக்கா வரமாட்டார் என்றிருந்தேன். வியர்வை வழிய, செருப்பெல்லாம் புழுதியாக நடந்தே வந்து நின்றார்.

“பஸ்ஸத்தான் நிறுத்திட்டீங்க. உன் ரத்தத்தயாச்சும் ஓட வுடறேன், கால நீட்டு.”

அன்று, அழுத்திய இடம் மெல்லச் சிவந்தது.

“வண்டிய வுட்டுட்டான்டா!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

இப்போது, தோல் ஒட்டாமலே ஆறிய அந்தக் காலால்தான் பைக்கில் கியர் போடுகிறேன்.