துரை தொடாத அதிரசம்

தேயிலைத் தோட்டத்துத் துரையே, நீர் மரியாதை தெரியாதவர். இன்று தீபாவளி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் கூடிச் சுட்ட அதிரசத்தை நீர் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டீர். அந்தத் தட்டோடு அவர்களில் ஒருவரான முத்தம்மா கொட்டகலைக் கடைவீதியில் நிற்கிறார். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்.

"நெறஞ்ச தட்டோட லயத்துக்கு எப்படிங்க போறது? எல்லாரும் கேப்பாங்களே!" என்கிறார் என்னிடம்.

"இங்க தாங்க தங்கச்சி," என்று கடைக்கார நானா ஒன்றைக் கடிக்கிறார். "தொரைக்கு நாக்கு செத்துப்போச்சா?"

வீதியே சிரிக்கிறது. நானும் எடுக்கிறேன். வெல்லமும் ஏலமும் மணக்கின்றன. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. அடடா! இன்னொன்றும் எடுக்கிறேன். வந்து நின்ற பஸ்ஸின் டிரைவரும் கை நீட்டுகிறார். தட்டு காலி. வெறுந்தட்டாக அனுப்பக் கூடாதென்று நானா அதில் தொதல் இனிப்புத் துண்டுகளை நிரப்புகிறார். முத்தம்மா சிரித்துக்கொண்டே மலையேறுகிறார்.

துரையே, ஏன் தொடவில்லை? நாளைக் காலைப் பெரட்டில், வேலைக்குக் கூடும் அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லும்.