சிக்கந்தர் வண்டி, யூசுப் வண்டி

பால்பாண்டி அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, ஜீப் ஸ்டாண்டிலேயே...

எனக்கு அழுகையை விட எரிச்சல்தான் அதிகமாக வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரோடு பழகியவர்களுக்குப் புரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு டர்ன் பார்க்கிறவர் அவர். எந்த வண்டி முதலில் வந்தது, அடுத்து எது கிளம்ப வேண்டும் என்று ஓட்டுகிறவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மைக்கெல்லாம் கிடையாது, தொண்டைதான். நானும் அங்கேதான் ஓட்டுகிறேன். பதினொரு வருஷமாக அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

நேற்று வந்ததிலிருந்தே நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஏறுங்கள் என்றேன்.

"டர்னக் கலைக்காதீகப்பா. எல்லா வண்டியும் போகட்டும், பெறகு பாப்போம்" என்றார். ஒரு சோடா வாங்கிக் குடித்தார்.

முன்னும் பின்னும் ஜீப்பாக நிற்கிற இடத்தில், ஒன்றில் ஏறி உட்கார மாட்டேன் என்று ஒரு மனுஷன் செத்துப்போனால் யாரைப் போய்த் திட்டுவது?

முன்பு எங்கள் ஸ்டாண்டில் யூசுப், சிக்கந்தர் என்று இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டுக்கு வேன் ஓட்டப் போனார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களை ஒருவன் துப்பாக்கியோடு வந்து சுட்டான். எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றிருந்தார்கள்.

ஊரே சேர்ந்து வசூல் செய்தது. ஜமாத், திராட்சை வியாபாரிகள், கோயில் கமிட்டி... எல்லாரும் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். கொடுப்பதற்கு முன்னால் நடந்த கூத்துதான் தாங்கவில்லை. மேடை எங்கே, யார் கையால் கொடுப்பது, ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிசு...

இரண்டு வீட்டுப் பெண்களையும் மேடைக்கு அழைத்து வரவேண்டும் என்றார் ஒருவர். புருஷனைப் பறிகொடுத்து இத்தாவில் இருக்கிற பெண்கள், வாசல் தாண்ட மாட்டார்கள். அது கூடத் தெரியாமல் போட்டோவுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள்.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த பால்பாண்டி அண்ணன் அங்கிருந்தே கத்தினார். "அவுக எப்பிடி வருவாக? நீங்க அங்கன போயிக் குடுத்துட்டுப் பேசாம வாங்க. இன்னைக்குக் குடுத்துட்டுப் போயிருவீக, ஆறு மாசம் கழிச்சு அந்த வீட்டுல அடுப்பெரியணுமா வேணாமா?"

மறுநாள் காலை ஸ்டாண்டில் கூப்பிட்டார். "யூசுப் வண்டி."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யூசுப் வண்டியை விற்றுவிட்டுத்தான் வெளிநாடு போயிருந்தான்.

"அடுத்து நிக்கிறவன் எடு. ட்ரிப்புக் காசு யூசுப் வீட்டுக்கு."

கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி "சிக்கந்தர் வண்டி" என்றார்.

ஒரு மாதம் கூப்பிடுவார் என்று நினைத்தோம். நாலு வருஷம் கூப்பிட்டார். மழை, கூட்டம் இல்லாத நாள், டீசல் விலை ஏறின நாள்... ஒரு நாள் விட்டதில்லை. எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

ஒரு தடவை அந்த டர்ன் என் தலையில் விழுந்தது. வண்டிக்கு டயர் மாற்ற வேண்டிய நேரம், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். இன்றைக்கு முடியாது அண்ணே என்றேன்.

"யூசுப்புக்கிட்டக் கேட்டுட்டு வா. அவன் விட்டுக்குடுத்தா நீயே வச்சுக்க" என்றார்.

ஓட்டினேன். மலை ஏறி முடிகிறவரை அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

போன வருஷம் யூசுப்பின் மனைவி ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, மக வேலைக்குப் போயிட்டா. எங்களுக்குப் போதும், நிப்பாட்டிக்கங்க. சிக்கந்தர் வீட்டுலதான் மூணும் பொடிப் பிள்ளைக. எங்களதையும் அங்கனயே குடுத்துருங்க."

அப்பாடா, ஒரு டர்ன் குறையும் என்று எனக்குச் சந்தோஷம். பொய் சொல்ல விரும்பவில்லை.

"காச அங்கன குடுத்துருவோம்மா" என்றார் இவர். "பேரக் கூப்பிடாம எப்பிடி இருக்கது?"

மறுநாளும் "யூசுப் வண்டி" என்றுதான் கூப்பிட்டார். காசு மட்டும் சிக்கந்தர் வீட்டுக்குப் போனது.

நேற்று சாயந்திரம் சுடுகாட்டிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. இனிமேல் அந்த இரண்டு டர்னும் இருக்காது, அவரோடு போயிற்று என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆமாம், நானும்தான்.

இன்று காலை ஸ்டாண்டில் ஒரே கூச்சல். எவன் முதலில் வந்தான் என்று எவனுக்கும் தெரியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்கிறார்கள், ஒருவன் வண்டியை ஒருவன் மறிக்கிறான்.

அப்போது தூக்குவாளியோடு தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அம்மா என் வண்டிப் பக்கம் வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட இருக்காது.

"ஏம்ப்பா, இதுல சிக்கந்தர் வண்டி எது? நான் தெனம் அதுலதான் போவேன். அந்தத் தம்பிய ஒரு நாளும் பாத்ததில்ல, வேற வேற ஆளுகதான் ஓட்டுறாக. ஆனா நேரத்துக்குக் கொண்டுபோயி விட்ருவாக."

சிக்கந்தர் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"இதுதான்மா. ஏறுங்க."

ட்ரிப் முடிந்து இறங்கி, நேராக சிக்கந்தர் வீட்டுக்குப் போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

போய் வாருங்கள் அண்ணே. நீங்கள் எங்களைப் பாடாய்ப் படுத்தினீர்கள்.

நாளை காலை அந்த இரண்டு பேரையும் நான்தான் கூப்பிட வேண்டும். வேறு ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.