பெயரில்லாத மீகாமன்

பள்ளி நாட்களில் என் மகன் ஐந்து தடித்த பாகங்கள் கொண்ட ஒரு மாயக்கதையைப் படித்தான். இளவரசன், பேசும் மலை, பறக்கும் பாம்பு எல்லாம் அதில் உண்டு. அவனுக்குப் பிடித்ததோ மூன்றாம் பாகத்தில் சில பக்கங்களே வரும் ஒரு மீகாமன். மூடுபனிக்குள் கப்பலைச் செலுத்தி இளவரசனைத் தீவில் இறக்கிவிடுவான். "போய் வருகிறேன்" என்று சொல்லிக் கப்பலைத் திருப்புவான். அதன்பின் அவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெயரும் கிடையாது.

கடைசிப் பாகத்தை மூடிவிட்டு மகன் சமையலறைக்கு வந்தான்.

"வரேன்னு சொல்லிட்டுத்தானேமா போனான்? அப்ப வரணும் இல்ல?"

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். "இன்னா நைனா, இளவரசன் கீறான், பறக்குற பாம்பு கீது. நீ இன்னாடான்னா டிரைவரப் புடிச்சுகினு தொங்குறே."

படித்து முடித்து அவனே சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். கிளம்பிய அன்று வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "போயிட்டு வரேன்மா" என்றான். ஒருவர் பயணம் போன கையோடு எங்கள் வீட்டில் துடைப்பத்தைத் தொடுவதில்லை. கப்பல் ஏறிவிட்டேன் என்று அவன் செய்தி அனுப்பிய பிறகுதான் பெருக்கினேன்.

போன மழைக்காலத்தில் ஒரு புயலில் அலை அவனை மேல்தளத்திலிருந்து அடித்துக்கொண்டு போனது. தேடினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை. படத்துக்கு மாலை போட்டுக் காரியத்தை முடித்துவிடச் சொன்னார்கள் உறவினர்கள். மெல்ல மெல்ல என் கணவரும் அதையே சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு எப்படி மாலை போடுவது?

சென்ற வாரம் கப்பலில் மகனுடைய அறைத்தோழனாக இருந்தவன் வந்தான். வேப்பம்பட்டுப் பையன். விடுப்பில் வந்திருந்தான்.

"நான் பக்கத்துலதான்மா இருந்தேன். சரக்குக்குக் கயிறு கட்டிக்கினு இருந்தோம். அலை வந்துச்சு. திரும்பிப் பாத்தா அவன் இல்ல."

"கத்தினானா?"

"இல்லமா."

அவன் காபியில் ஏடு படிந்துவிட்டது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு, "அந்த மீகாமன் கதைய எங்களாண்ட சொல்லிக்கினே இருப்பான்மா. அவனே ஒரு முடிவு வச்சிருந்தான். மீகாமன் ஊடு போய்ச் சேந்துடுவானாம். அவங்கம்மா, எங்கடா சுத்திட்டு வர, சோறு ஆறிப்போச்சுன்னு திட்டுவாங்களாம்" என்றான்.

நான் அப்படித்தான் திட்டுவேன். என் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அந்தப் பையனுக்கு மறுபடி கப்பல். அன்று விடைபெறும்போது வாசலில் ஷூவை மாட்டியவன், "போ..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சொல்லிட்டுப் போப்பா."

"போயிட்டு வரேன்மா."

தரையில் பிஸ்கட் தூள் சிந்திக் கிடந்தது. என் கணவர் துடைப்பத்தை எடுத்தார். "அவன் வீடு போய்ச் சேரட்டும்" என்றேன். அதைச் சுவரில் சாத்திவிட்டு அவரும் என்னோடு உட்கார்ந்தார். மின்சார ரயிலில் கூட்டம், இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன் என்று அவன் போன் செய்த பிறகு நான் எழுந்து கூடத்தைப் பெருக்கினேன். மூலைகளையும் விடவில்லை.

பெருக்கி முடித்து, "மாலை வாங்கிட்டு வாங்க" என்றேன்.