மேலிருந்து பார்த்த அம்மாசி

ஏற்காட்டு மலையில் தலைச்சோலை ஊர் அம்மாசிக்கு ஒரு வீம்பு உண்டு. மேலிருந்து கீழே பார்க்கிற விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பான். அவனுடைய காப்பித் தோட்டத்துப் பாறையில் ஏறினால் சேலத்துச் சமவெளி முழுக்கத் தெரியும். வெள்ளையாய் மினுங்கினால் ஏரி, கறுப்பாய்த் தெரிந்தால் தோப்பு. எந்த ஏரி நிரம்பியது, எது வற்றியது என்று தினமும் சொல்லுவான், யாரும் கேட்காவிட்டாலும்.

ஏற்காட்டு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டு மகள் ராசாத்தி கொள்ளிடக் கரையிலிருந்த அவன் ஊருக்குப் போனாள். அழுதவளிடம், "நீ எங்க இருந்தாலும் மேலருந்து பாத்தா எனக்குத் தெரியும், சாமி" என்று சொல்லி அனுப்பினான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை. கொள்ளிடத்துப் பக்கம் புயல், வெள்ளம் என்று ரேடியோ சொன்னது. மகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மாசி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு ஓடினான். கடைக்காரர் பழனிசாமி பேப்பரை விரித்தார். வெள்ளத்தைச் செயற்கைக்கோள் வானத்திலிருந்து எடுத்த படம் இருந்தது.

"உங்க புள்ளை ஊரு இங்கதானுங்க வரும்," என்று விரலை வைத்தார். அந்த இடம் கன்னங்கரேலென்று இருந்தது.

"தோப்பாட்டம் கறுப்பாத்தான இருக்குது! தண்ணியெல்லாம் அந்தண்ட, வெள்ளையா. எம்புள்ளை தப்பிச்சுட்டாளுங்க."

"கீழ பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்குது. படிக்கட்டுங்களா?"

"படமே சொல்லுதுங்களே!" என்று டீயைக் குடித்துவிட்டு ஊட்டுக்கு வந்தான்.

மனைவி கண்ணாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "ஏனுங்க, படத்துல மேகம் எங்க இருந்துச்சு?"

"மேகமெல்லாம் இல்ல."

"மேலருந்துதான எடுத்தாங்க? காத்தால பாறையில நின்னா மேகம் நமக்குக் கீழ வெள்ளையா கெடக்குது. புயலடிச்ச ஊருல மேகமே இல்லீங்களா?"

அம்மாசிக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளைதான் மேகமென்றால் வெள்ளத்துக்கு வேறு இடமில்லை; அந்தக் கறுப்பு முழுக்கத் தண்ணீர்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் மலையிறங்கினார்கள். பஸ் போன மட்டும் போய், அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். ராசாத்தி பள்ளிக்கூட மாடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் கஞ்சி வாங்க வரிசையில் நின்றான். ஊடு போய்விட்டது, உயிர் இருந்தது.

அப்பனைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மேலருந்து பாத்துட்டு வந்துருவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்கப்பா."

பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்ட கண்ணாயி அம்மாசியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு," என்றாள். "உங்கப்பன்தான் பாத்தாரு."

அவன் அழுதுவிட்டான்.